சங்கம் பட்ட கடன்

அரபு மொழியில் தொழிற்சங்கத்திற்கு வழங்கும் பெயர் 'நகாபா' என்பதாகும். அதன் தலைவரை 'நகீப்' என்பர். இவ்விரு சொற்களுக்கும் வேராக நிற்கும் வினை துளைத்தல், குடைதல், துருவிச் சென்று ஆராய்தல் என்னும் பொருள்களைத் தரும். ஒரு கூட்டத்தாரின் நிலைமையைத் துருவி அறிந்து அவர்கள் பொருட்டுப் பொறுப்பேற்று நிற்பவனே நகீப் என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் கூறுவர். நாம் தமிழில் வழங்கும் 'சங்கம்' என்னும் சொல்லோ ஒன்றுகூடுதலைக் குறித்து நிற்கிறது. ஒரு மொழி அறிதலை முன்னிறுத்துகிறது. மற்றொரு மொழி கூடுதலை முன்னிறுத்துகிறது. சொற்பிறப்பைக் கொண்டு அறநூல் செய்துவிட இயலாது என்பதை நாம் அறிவோம். எனினும், பலர் கூடியிருந்தும் ஒருவரும் ஒன்றும் அறியாதிருக்கும் சங்கங்களை நாம் கண்டிருப்பதால், இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு என்றே கருதுகிறோம்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா இதுதான். ஒரு தொழிற்சங்கத்தின் கிளை தன் உறுப்பினர்க்குச் செய்யக் கடமைப்பட்டவை இரண்டு எனலாம். அவருடைய வாழ்வைத் தொடும் செய்திகளை அவருக்குத் தெரிவிப்பது ஒன்று. இடர் வந்தபோது அவருக்குத் துணை நிற்பது மற்றொன்று. இவற்றுள் முந்தியது எது? கேட்டவுடன் பெரும்பாலோர் கூறும் விடை நமக்குத் தெரியும். பசித்தவனுக்கு முதலிற் சோறு, செய்தி பிறகு. வேலை இழந்தவனிடம் சுற்றறிக்கையை நீட்டுவது அறமாகுமா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த விடை முழுமையானதன்று என்பது நம் கருத்து. செய்தியையும் துணையையும் இரண்டு பண்டங்களாகப் பிரித்து வைத்து, ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றைப் பின்னர்க் கொடுக்கலாம் என எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

இதனை ஆராயச் சென்னைத் தொழிற்சங்கத்தின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான சான்று நம் நாட்டில் இல்லை. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அச்சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைப் போற்றுவர். பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாட்டிக் என்னும் நூற்பு நெசவாலைகளின் தொழிலாளர்களே அதற்கு உயிர். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரும் அதற்கு வித்திட்டனர். தலைமை ஏற்றவர் பி. பி. வாடியா, துணைத் தலைவராக நின்றவர் திரு. வி. கலியாணசுந்தரனார். திரு. வி. க. தமிழாசிரியப் பணியை விட்டுப் பத்திரிகைத் துறைக்கு வந்தவர் என்பதை நேயர்கள் அறிவர். ஆசிரியத் தொழில் புரியும் நம்போன்றோர்க்கு அதில் ஒரு சிறு பெருமை உண்டு, அது கிடக்கட்டும்.

அத்தொழிலாளர்கள் முதன்முதலாக எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே விடப்படுகிறது என்பது. இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஆலைக்குள்ளிருந்து வெளிவந்து, கை கழுவி, கொண்டு வந்த சோற்றை உண்டு, சங்கு ஊதுமுன் மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அவர்களுள் ஒவ்வொருவரும் சங்கம் தோன்றுவதற்குமுன் என்ன நினைத்திருப்பர்? 'நான் மெதுவாக உண்கிறேன்', 'எனக்கு வயதாகிவிட்டது', 'என் வீடு தொலைவில் உள்ளது' என்றே நினைத்திருப்பர். தன் தொல்லைக்குத் தானே காரணம் என்று கருதுவது தனித்திருப்பவனின் இயல்பு. கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்று அரைமணி நேரம் போதவில்லை என்று கூறியபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றவனுக்கு ஒரு செய்தி கிடைத்தது. சட்டத்தைப் பற்றியதோ கூலியைப் பற்றியதோ அன்று அச்செய்தி. 'இது உன் குற்றமன்று. எல்லோர்க்கும் அப்படித்தான்' என்பதே அது. ஒரு சங்கம் தன் உறுப்பினனுக்குத் தரக்கூடிய முதற்செய்தி இதுவே என்போம். இதனைச் செய்தி என்பதா, துணை என்பதா? பிரித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை.

வாடியா பம்பாயிற் பிறந்த பார்சியர், தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் உரைத்ததைத் தமிழாக்கித் தொழிலாளர்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. சங்கக் கூட்டங்களில் அவர் ஆற்றிய உரைகள் 1921இல் நூலாகவும் வந்தன. தலைவர் பேசும் மொழி உறுப்பினர்க்குப் புரியாது என்னும் நிலை ஒரு சங்கத்திற்குப் பெருங்குறைபாடுதான். ஆனால் அக்குறைபாட்டிலும் ஒரு நன்மை இருந்திருக்கும் என எமக்குத் தோன்றுகிறது. மொழிபெயர்க்க வேண்டிய பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும்; ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த மனிதனிடம் சென்று சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டே பேச வேண்டும். தமிழிலேயே மடைதிறந்தாற்போற் பேசுவோர்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரபியில் 'பலாகத்' என்றால் நாவன்மை. 'தப்லீக்' என்றால் செய்தியைச் சேர்ப்பித்தல். இரண்டும் 'சென்றடைதல்' என்னும் ஒரே வேரினின்று பிறந்தவை. சென்றடையாத பேச்சு எவ்வளவு அலங்காரமாயினும் அதற்கு நாவன்மை என்னும் பெயர் பொருந்தாது. நம் மேடைகளைப் பார்த்தால் இவ்விலக்கணத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை நிருவாகத்திற்கும் சங்கத்திற்கும் பூசல் முற்றியது. ஆலை நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து, தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டலாகாது என்று இடைக்காலத் தடையாணை பெற்றது. முடிவில் ஏற்பட்ட இணக்கத்தின்படி வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்றே விலக நேர்ந்தது. ஒரு தலைவரை உறுப்பினரிடமிருந்து பிரிப்பதே உடன்பாட்டின் விலையாக வைக்கப்பட்டது. இவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியால்தான் 1921இல் என். எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூர்த் தொழிலாளர் தோற்ற வழக்கு நாட்டுத் தொழிலாளர் அனைவர்க்கும் ஒரு சட்டத்தை ஈட்டித் தந்தது.

அதே 1921ஆம் ஆண்டில் அவ்வாலைகளில் மாதக் கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் ஒன்று நிகழ்ந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களுமாகிய தொழிலாளர்கள் வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளர்களுட் பெரும்பகுதியினர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பிலும் சுற்றுப்புறங்களிலும் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29ஆம் நாள் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து உயிர்கள் மடிந்தன. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தும் நிலைக்கு எவ்வாறு வந்தனர் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்களைக் கூறுவர்: நிருவாகத்தின் சூழ்ச்சி, அரசாங்கத்தின் கை, கட்சிகளின் போட்டி, பன்னூற்றாண்டுச் சாதிக் கொடுமை. அவற்றை எடைபோடுவது நம் நோக்கமன்று. நம் சமுதாயத்தாரும் அத்தெருச்சண்டையில் ஒரு பக்கம் நின்றனர் என்பதை மட்டும் மறைக்காமற் கூறிவிட்டு, நம் வினாவுக்கு அது தரும் ஒளியைப் பார்ப்போம்.

வேலைநிறுத்தம் என்பது பட்டினிக்கு விடுக்கும் அழைப்பு. அவ்வழைப்பு எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே குரலில் ஒலிப்பதில்லை. ஊரில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவன் சில வாரம் தாங்குவான். கடன் கொடுக்க உறவினர் உள்ளவன் ஒரு மாதம் தாங்குவான். எதுவும் இல்லாதவன், எவரும் கடன் கொடுக்க அஞ்சும் சேரியில் வாழ்பவன், எத்தனை நாள் தாங்குவான்? அவனிடம் சென்று, 'சங்கத்தின் நிதியில் இவ்வளவு உள்ளது. உன் வீட்டுக்கு இவ்வளவு அரிசி, இத்தனை நாளைக்கு வரும். அதற்குப்பின் என்ன செய்வதென்று நீயும் கூடியிருந்து முடிவு செய்யலாம்' என்று கூறினால், அவன் வருவதும் வராததும் அவனுடைய அறிவார்ந்த முடிவாகும். அவ்வாறு கூறாமல் ஒற்றுமை என்னும் ஒரு சொல்லை மட்டும் அவன்முன் வைத்து, அவன் வராதபோது துரோகி என்று அழைப்பது எவ்வகை நீதி? பட்டினி கிடக்கச் சொல்பவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். 1921இல் யார் யாரிடம் என்ன கூறினர் என்று தீர்ப்பளிக்க நாம் இதை எழுதவில்லை. ஒவ்வொரு வேலைநிறுத்தத்திலும் மிக எளியவனே முதலில் உடைகிறான், உடைந்தவுடன் அவனே முதலில் பழிக்கப்படுகிறான் என்பதை நாம் நம் காலத்திலும் கண்டு வருகிறோம், அதனாற் கூறினோம்.

இவ்விடத்தில் அறிவுடையோர் சிலர் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. போராட்டக் காலத்தில் எல்லாவற்றையும் எல்லோர்க்கும் கூறிவிட முடியுமா? நிதி தீர்ந்து வருகிறது என்று கூறினால் மறுநாளே பாதிப் பேர் வேலைக்குத் திரும்புவர். எத்தனை ரூபாய்க்கு இறங்கி வரத் தயார் என்று கூட்டத்திற் சொன்னால் அன்று மாலையே அது முதலாளியின் காதுக்கு எட்டும். படைத்தலைவன் தன் படையின் பலவீனத்தைச் சிப்பாய்களிடம் பறைசாற்றுவானா? மருத்துவர் நோயாளியிடம் எல்லாவற்றையும் கூறுவாரா?

இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் உவமைகள் இரண்டும் பொருந்தவில்லை. சிப்பாய் படைத்தலைவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்கு ஊதியம் கொடுக்கவும் இல்லை. மருத்துவரோ, நோயாளியிடமே நோயை மறைப்பதை இக்காலத்தில் அவர்தம் தொழிலறமே ஒப்புவதில்லை. சங்கத் தலைவனுக்கு உவமை தேட வேண்டுமாயின் நாம் நாள்தோறும் வழங்கும் 'வக்கீல்' என்னும் சொல்லே போதும். அரபியில் வக்கீல் என்பவன் ஒருவர் தம் காரியத்தை ஒப்படைத்த ஆள். நீதிமன்றத்தில் வழக்காடுபவன் மட்டும் அல்லன். சந்தையில் ஆடு வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்டவனும் வக்கீலே. அவன் கையில் உள்ள பணம் அவனுடையதன்று, அமானிதம். அவன் வரம்பு மீறியோ கவனக்குறைவாலோ அது தவறிப் போனால், ஈடு செய்யக் கடமைப்பட்டவனாகிறான். ஒப்படைத்தவர் கேட்டால் கணக்கைக் காட்ட மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. நம் சட்ட நூல்களில் மாணவர்க்கு இப்பாடத்தைக் கற்பிக்கும்போதெல்லாம், இது சந்தைக்கு மட்டும் உரிய விதியன்று என்று கூறத் தவறுவதில்லை.

ஆனால் அந்த வக்கீல் ஆட்டு வியாபாரியிடம், 'என்னிடம் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு விலை பேச வேண்டுமா? வேண்டாம். ஒப்படைத்தவரும் அதை விரும்பமாட்டார். ஆகவே பேரத்தின் இறுதி எல்லையைத் தலைவர்கள் சில நாள் தம் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை, அவ்வாறு வைத்துக்கொள்ள உறுப்பினர்களே முன்கூட்டி இசைவு தந்திருந்தால். இசைவின்றி மறைப்பது வேறு, இசைவோடு காப்பது வேறு. நிதிநிலை பற்றிய மறைப்புக்கோ இந்த விலக்கும் பொருந்தாது. பணம் தீர்ந்து வருவதை மறைத்து ஒருவனை இன்னும் பத்து நாள் பட்டினி போட்டால், அந்தப் பத்து நாட் பசியை அவன் தந்தான் என்று கூற முடியாது. அவனிடமிருந்து எடுக்கப்பட்டது என்றே கூற வேண்டும். உண்மை தெரிந்தால் பாதிப் பேர் திரும்பிவிடுவர் என்னும் அச்சம் உண்மையாகவே இருக்கலாம். அப்படியாயின் அந்தப் பாதிப் பேர் மனத்தளவில் முன்னரே திரும்பிவிட்டனர். தலைவருக்குத்தான் அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

1926ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தெளிவாக இருந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் கணக்கேடுகளையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் விதிகள் குறித்த காலத்திற் பார்வையிடலாம் என்று அது வகுத்தது. சங்கத்தின் பொதுநிதியை எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்ற பட்டியலையும் அது தந்தது. வழக்குச் செலவு, தொழிற்பூசலால் உறுப்பினர்க்கு நேரும் இழப்பிற்கு ஈடு, நோய், முதுமை, விபத்து, வேலையின்மை, இறப்பு ஆகியவற்றிற்கான உதவி எனச் செல்லும் அப்பட்டியலில், தொழிலாளர் பிரச்சினைகளை ஆராயும் பத்திரிகை ஒன்றை நடத்துவதும் இடம் பெற்றிருந்தது. ஈமச் செலவும் இதழ்ச் செலவும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நின்றன. சட்டம் எழுதியோர் மெய்ப்பொருள் ஆராய்ச்சி செய்திருக்கமாட்டார்கள். ஆனால் செய்தியும் துணையும் ஒரே பணப்பையிலிருந்து வர வேண்டியவை என்பது அவர்கள் கையெழுத்தில் விழுந்துவிட்டது. இன்று அச்சட்டத்தின் இடத்திற்கு, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதனால் கூலியாட்களின் நிலை உயருமா தாழுமா என்பது பெரிய விவாதம். நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்றே: சட்டம் மாறிவிட்டது என்பதைத் தம் சங்கத்தின் வாயிலாக அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்?

கணக்கேட்டைப் பார்வையிடும் உரிமை பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். ஏட்டில் உள்ள இவ்வுரிமையைப் பயன்படுத்தும் உறுப்பினரை நம் ஊர்ச் சங்கங்கள் எவ்வாறு நடத்துகின்றன? கணக்குக் கேட்டவனை நன்றி கெட்டவன் என்கின்றனர். 'போன வருடம் உன் மகன் மருத்துவத்துக்குச் சங்கம் பணம் கொடுத்ததே, மறந்துவிட்டாயா?' என்கின்றனர். கொடுத்த பணம் யாருடையது? மாதந்தோறும் சந்தா கட்டியவனுடையது. அவன் பணத்தை அவனுக்கே கொடுத்துவிட்டு அதற்கு அவனிடமே நன்றி கேட்பது, தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் வைக்கப்பட்டவன் தாகம் தீர்த்த வள்ளல் என்று பெயர் எடுத்துக்கொள்வது போலும்.

ஆலையைப் பற்றியே பேசி வந்தோம். ஆலையில் செய்தி மறைக்கப்பட்டாலும் கசியும். பக்கத்துத் தறியில் நிற்பவன் ஏதேனும் கூறுவான். வீட்டிலிருந்தே உழைப்பவர்க்கு அந்த வழியும் இல்லை. நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் நம் சமுதாயப் பெண்களும் பிற சமுதாயப் பெண்களுமாகப் பல்லாயிரவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிப் பிழைக்கின்றனர். மடியிற் சுளகு, சுளகில் தூள், அருகில் வெட்டிய இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும். சுற்றிய பீடி அவரிடமே போகும். கழிவென்று அவர் ஒதுக்குவதற்கு எதிர்ப்பேச்சு இராது. அப்பெண்ணுக்கு உலகம் பற்றிய செய்தி அனைத்தும் அந்த ஒரே வாசல் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

அவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தன் வரையறைக்குள் கொணர்ந்தது. இலை கொடுப்பதிலும் பீடியைக் கழிப்பதிலும் எழும் பூசல்களைத் தீர்க்க வழி வகுத்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அதன் வழியே மருத்துவ உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. 1977இல் வருங்கால வைப்பு நிதித் திட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுபவர் எம் தொழிலாளரே அல்லர் என்று முதலாளிகள் உச்சநீதிமன்றம் வரை சென்றனர். அவர்களும் தொழிலாளரே என 1985இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவ்வளவு பெரிய தீர்ப்பு! திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு விதவை, அவளைக் கண்ணாற் கண்டிராத ஒரு நிறுவனத்தின் தொழிலாளி என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்தீர்ப்பு தில்லியிலிருந்து அத்திண்ணைக்கு வந்து சேர வேண்டுமே. அதனைச் சேர்ப்பிக்க வேண்டியது சங்கத்தின் உள்ளூர்க் கிளை அல்லவா?

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்க்கு ஊரில் மற்றொரு வேலையும் உண்டு. எழுத்து வந்த வீடுகளிலிருந்தெல்லாம் காகிதங்கள் அவரிடம் வரும். எம்மிடம் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார், ஒருநாள் முந்தானைக்குள் மறைத்து ஒரு தாளைக் கொணர்ந்து, "ஹஜரத், இதில் என்ன எழுதியிருக்கிறது? மகளுக்குப் பணம் வந்திருக்கிறதாம், சங்கத்து அண்ணன் வாங்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். என்ன பணம் என்று தெரியவில்லை" என்றார். நலநிதியிலிருந்து வரும் கல்வி உதவித்தொகை அது. அச்சங்கத்து அண்ணன் நல்லவர், ஊரார் அறிவர். விண்ணப்பத்தை அவரே எழுதி, அலுவலகத்திற்கு அவரே நடந்து, பணம் வந்ததும் தாமே வந்து கூறியவர். ஒரு பைசா அவர் எடுத்துக்கொண்டதில்லை. ஆயினும் 'வாங்கிக் கொடுத்தார்' என்னும் அச்சொல் எம்மை வருத்தியது. அப்பெண்மணி, "உம்மா, இது உங்கள் உழைப்பின் பேரில் உங்களுக்கு உள்ள ஹக்கு, அடுத்த வருடமும் நீங்களே கேட்கலாம்" என்று நாம் கூறியபோது மகிழவில்லை, அஞ்சினார். "அண்ணன் தப்பாக நினைக்கமாட்டாரா?" என்றார்.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அறிவிக்காமல் செய்த உதவியிலிருந்து வந்தது என்றே கருதுகிறோம். உதவியவர் தூயவரே. ஆனால் உரிமையாகச் சென்றிருக்க வேண்டியது கொடையாகச் சென்றுவிட்டது. கொடை பெற்றவர் கொடுத்தவரை எதிர்த்துப் பேசமாட்டார். சங்கத் தேர்தலில் அவருக்கு எதிராக வாக்களிக்கமாட்டார். கூலி ஒப்பந்தத்தில் அவர் தவறு செய்தால் சுட்டமாட்டார். நல்லவர் இறந்தபின் அவ்விடத்துக்கு நல்லவரல்லாதவர் வரும்போது, பழகிப்போன அந்த மௌனம் அவருக்கு ஆயத்தமாகக் காத்திருக்கும். ஒப்பந்தக்காரரின் வாசல் ஒன்றாயிருந்த இடத்தில் சங்கத்தின் வாசல் இன்னொன்றாகத் திறந்தது உண்மை. இரண்டு வாசலிலும் அவர் கைகட்டி நிற்க வேண்டியிருந்தால் திறந்ததனால் வந்த பயன் பாதிதான்.

இதற்கு எதிராக உழைப்பாளிச் சங்க ஊழியர்கள் கூறுவதையும் நாம் செவிமடுத்துள்ளோம். 'விளக்கிச் சொல்ல நேரமில்லை. நூறு பேருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். சொன்னாலும் அவர்களுக்கு விளங்காது' என்பர். நேரமின்மை மெய். விளங்காது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. எம் பாட்டியார் தலைமுறைப் பெண்களைத் தமிழெழுத்து அறியாதவர் என்று அரசாங்கக் கணக்கு எழுதியிருக்கும். அவர்களுள் பலர் அரபுத் தமிழை ஓட்டமாக வாசித்தனர். அரபு எழுத்தில் அமைந்த தமிழ் நூல்களைக் கொண்டு மார்க்கச் சட்டத்தின் நுண்ணிய விதிகளை எல்லாம் அறிந்திருந்தனர். அவர்களுக்கு விளங்காமற் போனது எதுவுமில்லை. அவர்களுக்கு விளங்கும் எழுத்தில் எழுதுவாரே அரியராயினர். ஆயிரம் பீடிக்கு எத்தனை இலை, எத்தனை தூள், எவ்வளவு கழிவு என்று நெஞ்சுக்குள்ளேயே கணக்குப் போடும் பெண்ணுக்கு, வைப்பு நிதியில் தன் பங்கு எவ்வளவு, முதலாளியின் பங்கு எவ்வளவு என்பது மட்டும் விளங்காது என்பது விந்தை.

சுற்றறிக்கைகளை மட்டும் அச்சிட்டுவிட்டுத் துணைக்கு வராத சங்கங்களைப் பற்றியும் கூற வேண்டும்தான். அவை பிழைப்பது அரிது. உறுப்பினர் தாமே விலகிவிடுவர். ஆகவே அவற்றைப் பற்றி நீட்டுவதற்கில்லை. துணை நின்று, அன்பு செலுத்தி, ஆனால் அறிவிக்காமல் இருக்கும் சங்கங்களே நீண்ட காலம் வாழ்கின்றன. நாம் கவலைப்படுவதும் அவற்றைப் பற்றியே.

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், உறுப்பினர்களின் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எத்தனை இலை பெற்றார், எத்தனை பீடி கொடுத்தார் என்று பதியும் புத்தகம் அது. அடையாள அட்டையும் அதனோடு. முன்பு ஒப்பந்தக்காரர்கள் அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பெண்களுக்குத் தராதிருந்தனர். சங்கம் போராடி அவற்றை மீட்டது. மீட்டுத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. செயலாளரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "பெண்கள் தொலைத்துவிடுவார்கள், ஹஜரத்" என்றார். குடும்ப அட்டையைத் தொலைத்த பெண் இவ்வூரில் எத்தனை பேர் என்று கேட்டோம். சற்று யோசித்தார். "அப்படி யாரும் நினைவில்லை. ஆனால் மழைக்காலத்தில் வீடு ஒழுகும். போன ஐப்பசியில் நாலைந்து புத்தகம் நனைந்து மை கரைந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு வைப்பு நிதி அலுவலகத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். அவர் கூறியதும் மெய்யே. ஒழுகும் கூரைக்கு நாம் என்ன விடை சொல்வது? புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை வாங்குவதென அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ததாகப் பின்னர்க் கேள்விப்பட்டோம். உறைகள் வந்துவிட்டனவாம். புத்தகங்கள் வீடுகளுக்குப் போய்விட்டனவா என்பதை இனித்தான் விசாரிக்க வேண்டும்.